எறும்பு தைத்த கூரை

காட்டின் நடுவே ஒரு குடைவான பாறை இருந்தது. மழைக்காலத்தில் குட்டிகளும் குஞ்சுகளும் அதற்குள்தான் தூங்கும். அதன் திறந்த பக்கத்துக்கு விலங்குகள் எல்லாம் சேர்ந்து தேக்கிலைக் கூரை போட்டுக்கொண்டிருந்தன. யார் வேண்டுமானாலும் இலை தைத்துக் கொண்டு வரலாம். பார்த்து வாங்கி வேய்வது முள்ளம்பன்றியின் வேலை.

ஒருநாள் அணில் ஒரு பெரிய குவியலை மூச்சு வாங்க இழுத்து வந்தது.

"அக்கா, பாருங்க! ஒரே காலையில இத்தனை! இனி காடு முழுக்க என் பேச்சுதான்!"

முள்ளம்பன்றி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தது. தையல் ஒரே சீராக இருந்தது.

"அழகாத்தான் இருக்கு தம்பி. ஓரத்தை ஏன் உள்பக்கமா மடிச்சிருக்கே?"

"அதைச் செவ்வெறும்புகளைத்தான் கேட்கணும்! நான் இலையை வெச்சேன். அதுங்க மளமளன்னு தைச்சிடுச்சு!"

"நீ சரிபார்த்தியா?"

"அதுக்கெல்லாம் ஏது நேரம்? வானம் கறுக்குது பாருங்க!"

பக்கத்தில் நின்ற முயலும் பதறியது. "ஆமாக்கா, என் குட்டி நனைஞ்சிடும். சீக்கிரம் வேய்ஞ்சிடுங்க!"

முள்ளம்பன்றி கோபப்படவில்லை. "வேய்ஞ்சிடலாம். நம்ம வழக்கம் தெரியுமில்ல? யார் கொண்டு வந்த இலையோ, அவங்க பிள்ளைதான் அதுக்கு நேர் கீழே படுக்கணும். உன் பிள்ளையைக் கூட்டிட்டு வா."

அணிலின் வாலாட்டம் நின்றது.

"என் பிள்ளையா? அது வந்து... இன்னைக்கு மட்டும் முயல்குட்டி படுக்கட்டுமே!"

முயல் தன் குட்டியை வெடுக்கென்று இழுத்து அணைத்துக்கொண்டது. அணிலுக்கு வெட்கமாகப் போயிற்று.

அது ஓர் இலையை ஓடைக்கு எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தது. தண்ணீர் வழிந்து ஓடவில்லை. மடிப்புக்குள் பைபோலத் தேங்கியது. கனம் தாங்காமல் தையல் பொத்தென்று பிரிந்தது! எறும்புகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவற்றுக்குத் தெரிந்தது கூடு கட்டத்தான். இது கூரைக்கு என்று இந்த அவசரக்காரர் சொல்லவே இல்லையே!

அணில் மறுபடி எறும்புகளிடம் போனது. இந்த முறை எதற்கு என்று சொல்லி, பக்கத்திலேயே இருந்து, ஒவ்வோர் இலையிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தது. ஒழுகியதை எல்லாம் தள்ளியது. தேறியவை கொஞ்சம்தான். ஆனாலும் திறப்பை மூட அவை போதுமாக இருந்தன; முள்ளம்பன்றி வாங்கி வேய்ந்தது.

சாயங்காலம் மழை கொட்டியது. அந்த இலைகளுக்குக் கீழே அணிலின் பிள்ளை தூங்கியது.

முயல் அண்ணாந்து பார்த்தது. "ஒரு சொட்டு இறங்கலையே! இதுவும் எறும்பு தைச்சதுதானா?"

"தைச்சது எறும்பு," என்றது அணில். "ஒழுகினா என்னைக் கேளுங்க!"

யார் செய்து தந்ததானாலும், பொது இடத்தில் கொண்டுவந்து வைப்பவரே அதற்குப் பொறுப்பு.