தாய்மாமன் முகமும் புது சிஸ்டமும்

ஆவாரம்பட்டி ஃபிளெக்ஸ் கடைக்கு முதலாளிகள் மூன்று பேர்: ஒச்சப்பன், மொக்கச்சாமி, தவசி. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதுவும் அன்றைக்கு லீவு.

மறுநாள் ஒச்சப்பன் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வீரணன் சீர்வரிசையோடு வருகிறார். "வாசல்ல என் முகம் போட்ட ஃபிளெக்ஸ் இல்லேன்னா, சீரோட அப்படியே திரும்பிருவேன்" என்று சொல்லிவிட்டார். "எங்கண்ணன் திரும்பினா நானும் கூடப் போயிருவேன்" என்று ஒச்சப்பன் மனைவியும் சொல்லிவிட்டாள். பாவம், ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

டிசைன் தயாராகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, 'லைசென்ஸ் வாங்கு' என்றது. மூவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிரிண்ட் எடுத்துவிட்டு ரோஷப்படலாமே என்று நீங்களும் நானும் நினைப்போம். அவர்கள் தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிநேகிதருக்குப் போன் போட்டார்கள்.

"லினக்ஸ்னு வேற சிஸ்டம் இருக்கு, அதப் போட்டுக்கங்க, காசே வேண்டாம். பஸ்ல பென்டிரைவ் குடுத்து விடுறேன். சொருகிட்டு, கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்க" என்றார் அவர்.

சொருகினார்கள். எந்த ஊர் என்று அது கேட்டது. பட்டியலில் இந்தியாவுக்குக் கொல்கத்தா மட்டும்தான் இருந்தது.

"முதல் நாளே பொய் சொல்லக் கூடாதுப்பா" என்றான் தவசி.

"கொல்கத்தா போயிட்டு வர நேரமில்லையே" என்றான் ஒச்சப்பன்.

நெடுநேரம் யோசித்து, தவசியைக் கடைக்கு வெளியே வடகிழக்கைப் பார்த்து நிற்கவைத்தார்கள். கொல்கத்தாப் பக்கமாக ஒரு ஆளாவது நின்றால் முழுப்பொய் ஆகாதல்லவா!

அடுத்த கேள்வி: 'பழையது எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?'

"எவ்வளவு மரியாதை பாத்தியா? பழைய சிஸ்டம் எதையாச்சும் நம்மகிட்ட கேட்டுச்சா?" என்று மொக்கச்சாமி நெகிழ்ந்துபோனான்.

"வீட்டுக்கு வந்தவுக வாய்விட்டுக் கேக்கும்போது இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்றான் ஒச்சப்பன்.

ஆம் என்றார்கள்.

புது சிஸ்டம் பளிச்சென்று வந்தது. டிசைன் இல்லை. வீரணன் முகமும் இல்லை. ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"ஏண்டா அழுகுற? அந்த முகம் நாளைக்கு நேர்லயே வருதே" என்றான் மொக்கச்சாமி.

விடிந்ததும் ஒச்சப்பன் வீட்டு வாசலில் சாரம் கட்டி, எழுத்தே இல்லாத வெள்ளை ஃபிளெக்ஸை உயரத்தில் கட்டினார்கள். நடுவில் ஒரு வட்ட ஓட்டை. மேளத்தோடு வந்த வீரணனைப் பின்பக்கமாக ஏற்றி, "மச்சான், தலைய மட்டும் இப்படி நீட்டுங்க" என்றான் ஒச்சப்பன். நீட்டினார். கூட்டம் விசிலடித்தது. இப்படி ஒரு தெளிவான படத்தை எந்தத் தாய்மாமனுக்கும் யாரும் வைத்ததில்லை. வீரணனுக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம்வரை இறங்கமாட்டேன் என்றுவிட்டார். ஒச்சப்பன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது ஆசாரி ஊசியோடு வந்து, "நேரமாச்சு, பிள்ளைய மாமன் மடியில உக்கார வைங்க" என்றார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மொக்கச்சாமி தொண்டையைச் செருமினான். "ஒச்சப்பா, பிள்ளைய அளந்து சைஸ் சொல்லு. மடிக்கு இன்னொரு ஓட்டை போட்டுருவோம்."