சூடாமணி கேட்ட ஒரு வரி

ஆற்காட்டில் சூடாமணி என்று ஒருத்தி இருந்தாள். ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். அரிசி ஆலை முதலாளி வரதப்பன், தன் அப்பா கட்டிய ஓட்டு வீட்டை அவளுக்கு விற்க முன்வந்தார். பத்திரம் எழுதுபவரின் கடைக்கு மனைவியோடு வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க அப்பாவோட வாரிசுச் சான்றிதழைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டாள் சூடாமணி.

"தையல்காரிக்குச் சட்டம் வேறயா? எந்த வில்லங்கமும் இல்ல. என் வாக்குதான் சான்றிதழ். இப்பவே கையெழுத்துப் போடு, இல்லேன்னா வீடு வேற ஆளுக்குப் போயிடும்."

குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். இதையும் விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஆனாலும் அவள் நிதானமாகவே பேசினாள்.

"உங்க வாக்கு போதுங்கய்யா. அதையே பத்திரத்துல ஒரு வரியா எழுதிடுங்க. பின்னால யாராவது பங்கு கேட்டு வந்தா, நீங்க குடியிருக்கிற பங்களாவை எனக்குத் தர்றதா."

"அதுக்கென்ன, எழுதுய்யா!" என்று கையை வீசினார் வரதப்பன்.

அவர் மனைவி பதறி எழுந்தாள். "ஐயையோ, எழுதாதீங்க! உங்க தங்கச்சி நாளைக்கே வந்து நிப்பா. அப்புறம் நாம தெருவுலயா நிக்கிறது?"

பத்திரம் எழுதுபவர் பேனாவை மூடினார். "தங்கச்சி கையெழுத்தும் வேணுங்க."

அடுத்த வாரம் தங்கை அலமேலு வந்து, தன் பங்கை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டாள். வீடு சூடாமணி பெயருக்கு வந்தது.

"அப்பா போய் எட்டு வருஷமாச்சு" என்றாள் அலமேலு. "எங்கண்ணன் என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டு அனுப்பினது இதுதான் முதல் தடவை."