எச்சில் படாத தண்ணீர்

மருதாபுரி மன்னர் கனகசேகரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தச் சித்திரையில் அது தண்ணீரால் வந்தது.

ஊற்றுக் கிணற்றிலிருந்து அரண்மனைக்குத் தண்ணீர் சுமப்பவள் பாவாயி. வெயில் தாங்காமல் வழியில் குடத்தைச் சாய்த்து ஒரு மடக்குக் குடித்துவிட்டாள். அதைப் பார்த்த அரண்மனை மணியக்காரர் உத்தண்டர் ஓடிவந்து மன்னரிடம் வத்தி வைத்தார். பாவாயியின் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

"எச்சில் தண்ணீரா எனக்கு?" என்று மன்னர் சீறினார். "இனி எந்த வாயும் படாத தண்ணீர்தான் என் தொண்டையில் இறங்கும். பொழுது சாய்வதற்குள் இவள் நாட்டை விட்டுப் போகட்டும்."

அவையில் வேடிக்கை பேசிப் பிழைக்கும் சொக்கேசன் யோசித்தான். பாவாயிக்குப் போக்கிடம் ஏது? ஆனால் இந்த நேரத்தில் நியாயம் பேசினால் தானும் அவளோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உத்தண்டர் ஒரு ஜாடியோடு வந்தார். "போன ஐப்பசி மழையில் பிடித்தது, மன்னா. வானத்திலிருந்து நேராக வந்தது. எந்த வாயும் படவில்லை."

மன்னர் கையை நீட்டினார்.

"சற்றுப் பொறுங்கள், அரசே. அதைவிடப் புதுத் தண்ணீர் தருகிறேன்" என்றான் சொக்கேசன்.

அவை நடுவே அடுப்பு மூட்டி, துணியால் வாய் மூடிய பானையை ஏற்றினான். கொதி வந்ததும் துணியை எடுத்தான். ஆவி கிளம்பியது. அதன்மேல் குளிர்ந்த வெண்கலத் தட்டைச் சாய்த்துப் பிடித்தான். தட்டின் அடியில் முத்து முத்தாகத் துளிகள் கூடி, வழிந்து கிண்ணத்தில் விழுந்தன.

ஆறியதும் மன்னர் ஒரே மூச்சில் குடித்தார். "அருமை. எங்கே பிடித்தாய்?"

"யானைத் தொட்டியில். பட்டத்து யானை குடித்துவிட்டு வைத்த மிச்சம்."

மன்னர் வாய் திறப்பதற்குள் சொக்கேசன் முந்திக்கொண்டான்.

"மழையும் இப்படித்தான் வருகிறது, அரசே. சூரியன் அடுப்பு. கடல், குளம், காயப்போட்ட வேட்டி, நம் வேர்வை எல்லாம் பானை. சூரியன் கொதிக்க வைப்பதில்லை, இளஞ்சூடே போதும். ஈரம் ஆவியாகி மேலே போகிறது. அங்கே குளிர். பொடித் துளிகளாகி மேகமாகத் திரள்கிறது. துளிகள் சேர்ந்து கனத்தால் மழை. பெய்தது ஓடியும் மண்ணில் ஊறியும் மறுபடி கிணற்றுக்கும் கடலுக்கும் வருகிறது. காலங்காலமாக இதே தண்ணீர்தான் சுற்றுகிறது. உத்தண்டர் ஜாடியில் இருப்பது எந்த எருமை குடித்ததோ."

உத்தண்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மன்னர் முகமும் சுருங்கிவிட்டது. "ஊரார் எச்சிலையெல்லாம் நான் குடிப்பதா? அதைவிட நாவறண்டு சாகலாம்."

ஜெயித்தும் தோற்கப் போகிறோமே என்று சொக்கேசன் பதறினான். பிறகு மெல்லச் சொன்னான்: "குன்றையூர் சிங்கத்தேவரும் அதைத்தான் குடிக்கிறார்."

பகைவன் பெயரைக் கேட்டதும் மன்னர் நிமிர்ந்தார். "எதை?"

"தங்கள் எச்சிலை. தாங்கள் குடிப்பது வேர்வையாகிறது. வேர்வை காய்ந்து ஆவியாகிறது. மேகம் எல்லை பார்ப்பதில்லை. காற்று அந்தப் பக்கம் அடித்தால் குன்றையூரில்தான் மழை."

மன்னரின் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாவாயி எங்கேயும் போக வேண்டாம். அந்தக் குடத்தை இங்கே கொண்டுவா" என்று வாங்கிக் கடகடவென்று குடித்தார். கழுத்திலிருந்த முத்துமாலை சொக்கேசனுக்குப் போனது.

நெற்றியில் வேர்வை அரும்பியதும் மன்னர் சாமரம் வீசுபவர்களை அதட்டினார்: "என்ன தூக்கம்? வேகமாக வீசி இதைக் காயவையுங்கள். அங்கே சிங்கத்தேவன் தாகத்தோடு காத்திருப்பான்."