கருந்துளைக்குள் போன ஏழு மெழுகுவர்த்திகள்

மட்டிப்பாக்கத்தில் புத்திசாலியே கிடையாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். ஒருவர் இருந்தார். போன வருஷம் கல்யாணமாகிக் கடலூர் போய்விட்டார். மீதி ஜனத்தில் மூன்று பேர், புதுச்சேரி ரோட்டோரம் இருந்த பிரான்சீனா அம்மாவின் நிலா பாரில் வேலை பார்த்தார்கள். மூத்தவர் அய்யாக்கண்ணு, எதைச் சொன்னாலும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சொல்வார். அடுத்தவன் சூசைநாதன், அவனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். கடைசி ஆள் தனவேலு, அவனுக்கு எதிலுமே சந்தேகம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா மூவரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

“நல்லா கேட்டுக்கோங்கடா. சாயங்காலம் ஆறு மணிக்கு விண்வெளிக் கதை வாசகர் சங்கத்துச் செயலாளர் தேசிங்கு சார் வராரு. அவங்க ‘கருந்துளை’ன்னு ஒரு காக்டெய்ல் கேக்கறாங்க. அது அவருக்குப் பிடிச்சா மாசாமாசம் சங்கக் கூட்டம் நம்ம பார்லதான். பிடிக்கலன்னா பாரை மூடிட்டு இடத்தை மெத்தைக் கடைக்கு வாடகைக்கு விட்டுடுவேன், நீங்க மூணு பேரும் அங்க போய்ப் பஞ்சு அடைக்கலாம். இந்தா, அவரே எழுதி அனுப்பின சீட்டு. இதுல இருக்கறதை அப்படியே செய்யுங்க. சொந்த மூளையைப் போட்டுக் குழப்பாதீங்க.”

“அந்தப் பழக்கமே எங்களுக்கு இல்லம்மா” என்றார் அய்யாக்கண்ணு அடக்கமாக.

அம்மா நிம்மதியாகக் கோயிலுக்குப் புறப்பட்டார்.

தனவேலு சீட்டைப் படித்தான். “கறுப்பு ரம் ஒரு பாட்டில். கெட்டி டிகாஷன் ஒரு சொம்பு. கருப்பட்டிப் பாகு அரைச் சொம்பு. எல்லாத்தையும் ஜாடியில ஊத்தி, ஜாடியைக் கையில புடிச்சுக்கிட்டு பத்து தடவை குலுக்கவும்.”

“யாரைக் குலுக்கறது?” என்றான் சூசை.

சபை கூடி யோசித்தது. ஜாடி அய்யாக்கண்ணு கையில் இருந்ததால் அவரைத்தான் குலுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு தோளைப் பிடித்து, வேப்பமரத்தை உலுக்குவது போலப் பத்து தடவை உலுக்கினார்கள். எட்டாவது உலுக்கலில் அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்தது. பத்தாவதில் அவருக்கு எதிரே நான்கு தனவேலு தெரிந்தார்கள். “ஒண்ணையே தாங்க முடியாது” என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

அடுத்த வரி: ஐஸ் மேல் ஊற்றவும்.

ஐஸ் கம்பெனியிலிருந்து வந்த பாளம் கொல்லையில் மரத்தூளுக்குள் படுத்திருந்தது. மூவரும் பயபக்தியோடு ஜாடியைத் தூக்கிப் போய் அதன் தலையில் ஊற்றினார்கள். கருந்துளை மொத்தமும் வழிந்து நேராகச் சாக்கடைக்குப் போனது. பக்கத்து வீட்டு வாத்துகள் இரண்டு அன்று பொழுது சாயும்வரை பின்பக்கமாகவே நடந்தன.

இருந்தது இன்னும் ஒரே ஒரு பாட்டில் ரம்.

“இந்தத் தடவை ஐஸை உடைச்சு ஜாடிக்குள்ள போட்டு, அதுக்கு மேல ஊத்தினா ஓடாதே” என்றான் தனவேலு.

சூசை அவனை உற்றுப் பார்த்தான். “டேய், இது மூளை மாதிரி இருக்கே? அம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?”

“சத்தியமா இல்லடா. தானா வந்துடுச்சு.”

“தானா வந்தா பரவாயில்ல” என்று அய்யாக்கண்ணு மன்னித்தார்.

இரண்டாவது ஜாடி தயாரானது. தனவேலு அடுத்த வரியைப் படித்தான். “உள்ளே போன ஒளி வெளியே வரக் கூடாது. அப்படி ஒரு கறுப்பு இருக்க வேண்டும்.”

“சோதிச்சுப் பாத்துடணும்” என்றார் அய்யாக்கண்ணு.

மாதா படத்துக்கு முன்னால் அம்மா வைத்திருந்த மெழுகுவர்த்தியில் ஒன்றை ஏற்றி, தலைகீழாக ஜாடிக்குள் இறக்கினார்கள். ‘சுர்’ரென்றது. இருட்டு.

“வெளிச்சம் உள்ள போச்சா?”

“போச்சு. நான் பாத்தேன்.”

“வெளிய வந்துச்சா?”

மூவரும் ஜாடியைச் சுற்றிக் குந்தி, கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார்கள். வரவில்லை.

“ஒண்ணை வச்சு எப்படி நம்பறது?” என்றான் சூசை. “அதுக்கு வழி தெரியாம இருந்திருக்கலாம்.”

துணைக்கு இன்னொன்றை அனுப்பினார்கள். அதுவும் வரவில்லை. அந்த இரண்டையும் தேடி வர மூன்றாவதை அனுப்பினார்கள். அங்கிருந்த ஏழும் போய்ச் சேர்ந்த பிறகுதான் சூசையின் சந்தேகம் தீர்ந்தது.

கடைசி வரி: ஒரு வாய் குடித்தால் காலமே நின்றுவிட வேண்டும்.

“வயசான மனுஷன், அவர் எதுக்குக் குடிச்சு நிறுத்தணும்? நாமே நிறுத்திடுவோம்” என்று அய்யாக்கண்ணு சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். மணி ஐந்து இருபதில் நின்றது.

தேசிங்கு சார் வந்து கதவைத் தட்டினார்.

“ஆறு மணிக்கு வாங்க சார்” என்றான் தனவேலு உள்ளேயிருந்து.

“ஆறேகால் ஆயிடுச்சேப்பா?”

“இங்க அஞ்சு இருபதுதான் சார். காலம் நின்னுடுச்சு.”

சார் பூரித்துப்போனார். “அடடே! வாசல்லயே ஆரம்பிச்சுட்டீங்களா!” என்று குடையை ஊன்றி, விண்வெளி வீரர் மாதிரி விறைப்பாக நின்றார். அம்மா திரும்பி வந்து, மூவரையும் திட்டி, அவரை உள்ளே கூட்டிப்போவதற்குள் ஏழு மணியாகி இருட்டிவிட்டது.

கருந்துளையை கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்கள். சார் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மூன்று பேரும் பஞ்சு மூட்டைகளை நினைத்துக்கொண்டு நடுங்கினார்கள்.

“அபாரம்!” என்றார் சார். “என்னா கசப்பு, என்னா காரம்! அந்தக் கருகின வாசனை இருக்கே, விண்கல் எரிஞ்சு விழுந்த மாதிரி! அதை எப்படிய்யா கொண்டு வந்தீங்க?” மிச்சத்தையும் ஒரே மூச்சில் வாயில் கவிழ்த்தார்.

அப்போது கரண்ட் போனது.

“டேய், மெழுகுவர்த்தி எங்கடா?” என்று அம்மா இருட்டில் கத்தினார்.

“ஏழும் ஜாடியில ஊறுதும்மா.”

“ஐயோ! வெளிச்சத்துக்கு என்னடா பண்றது?”

அய்யாக்கண்ணு செருமினார். “வெளிச்சம் எங்கயும் போகலம்மா. சாருக்குள்ளதான் இருக்கு. சார், கொஞ்சம் வாயைத் திறங்க.”

“எதுக்குய்யா?” என்று கேட்கவே சார் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

“ஒண்ணும் தெரியலயே!” என்றான் தனவேலு உள்ளே எட்டிப் பார்த்து.

“இன்னும் பெருசா சார். ஆ… முதுகுல ஒரு தட்டு தட்டுடா சூசை.”

சூசை தட்டினான். சாருக்கு ‘ஹிக்’ என்று பெரிதாக ஒரு விக்கல் வந்தது. அதே நொடி கரண்டும் வந்து, மேஜைக்கு மேலே தொங்கிய குண்டு பல்பு பளீரென்று எரிந்தது.

மூவரும் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள்.

“போச்சு! வெளிய வந்துடுச்சு!”

“யோவ், கரண்டுய்யா அது!” என்றார் சார். “உங்க கருந்துளை முதல் தரம். மாசாமாசம் கூட்டம் இங்கதான். நான் சொல்லிட்டேன்.”

அய்யாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “பெரிய மனசு சார் உங்களுக்கு. ஆனா நாங்க பொய் சொல்லிப் பொழைக்கறவங்க இல்ல. உள்ள போன ஒளி வெளிய வரக் கூடாதுன்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. வந்துடுச்சு. சரக்கு ஃபெயில். நாங்க பஞ்சே அடைக்கறோம்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சார் வாய் விட்டுச் சிரித்தார். சிரித்த வாயை மூட முடியாமல் நாற்காலியோடு ஆடினார்.

அதற்குள் தனவேலு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மேஜைமேல் ஏறி, பல்பைத் திருகிக்கொண்டிருந்தான்.

“சார், அந்த வாயை அப்படியே வச்சிருங்க. டேய் சூசை, தலையைக் கெட்டியா புடி. வந்த வழியாவே உள்ள அனுப்பிடலாம்!”