கட்டெறும்பு தடம் விடாத கதை

எறும்புகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்து இலுப்பை மரத்தின் வேரடியில் கட்டெறும்புகள் நாற்பது பேர் ஒரே புற்றில் இருந்தார்கள். எல்லோரும் அக்கா தங்கைகள். மூத்தவள் இருளாயி, உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். இரை கண்டவள் வயிற்றைத் தரையில் தேய்த்து, மணத்தால் ஒரு கோடு போட்டபடியே புற்றுக்கு வருவாள். அந்தத் தடத்தை முகர்ந்து மற்றவர்கள் வரிசையாகப் போய் இரையைச் சுமந்து வருவார்கள்.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில் உருண்டு வந்த மரக்கட்டையிலிருந்து மஞ்சள் எறும்புகள் இறங்கின. ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள், நிற்காத ஓட்டம். அவை கடிப்பதில்லை, வயிற்றை வளைத்து எரிக்கிற நீரைப் பீய்ச்சும். தை பிறப்பதற்குள் அடிவாரத்தில் சில்வண்டுச் சத்தம் அடங்கிவிட்டது. செவ்வெறும்புகள் மாமர உச்சிக்கு ஏறிவிட்டன. எங்கும் இரை இல்லை. புற்றுக்குள் பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தன.

கடைசித் தங்கை பேச்சி ஒருநாள் செத்த ஓணான் ஒன்றைக் கண்டாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பக்கத்துக் கல்லின்மேல் ஒரு மஞ்சள் எறும்பு நின்றிருந்தது.

"ஒத்தையா எப்படி இழுப்பே? உங்க வீட்டு ஆளுகளைக் கூப்பிடு" என்றது.

"அதுவரைக்கும் நீங்க விட்டு வைப்பீங்களா?"

"எங்களுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. இதைத் தொடமாட்டோம்."

சொன்னபடியே அது தொடவில்லை. பேச்சி பிள்ளைகளை நினைத்தாள். வயிற்றைத் தேய்த்துக்கொண்டே புற்றுவரை போனாள்.

அக்காமார் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். சருகுக்கு அடியில் பதுங்கியிருந்த மஞ்சள் எறும்புகள், கடைசிக் கட்டெறும்பும் கடந்துபோகும்வரை பொறுத்திருந்து, அதே தடத்தைப் பிடித்துப் புற்றுக்குள் நுழைந்தன. இருளாயியின் கூச்சல் கேட்டுத் திரும்பி ஓடி வந்தவர்கள் வாசலிலேயே எரிந்து விழுந்தார்கள்.

பொழுது சாயும்போது பேச்சியோடு சேர்த்துப் பத்துப் பேர்தான் மிச்சம். இருளாயி பின்வழியாக வெளியே தள்ளிக் காப்பாற்றிய பிள்ளைகள் ஒன்பது. பேச்சிக்குக் கண் இரண்டும் வெந்திருந்தன. மூன்று கால்கள் கருகிப் போயிருந்தன.

"யாரு தடம் போட்டது?" என்று கேட்டாள் இருளாயி.

"நான்தான்க்கா."

யாரும் ஏசவில்லை. ஏசுவதற்கு நேரமும் இல்லை. மேலே பாறையிடுக்குக்குப் போய்விட வேண்டும். ஆளுக்கொரு பிள்ளையைக் கவ்வத் தொடங்கினார்கள். பேச்சியைத் தூக்க வாய் மிச்சமில்லை.

"அக்கா, உங்க வேகத்துக்கு என்னால வர முடியாது. நீ தடம் போட்டுட்டுப் போ. மோந்துக்கிட்டே மெதுவா வந்துடுறேன்" என்றாள் பேச்சி.

"அவங்களும் மோந்துக்கிட்டு வருவாங்களே, பேச்சி."

"ஒரு சொட்டுக்கா. ஒரே ஒரு சொட்டு."

இருளாயி தங்கையின் தலையை ஒருமுறை வருடினாள். கடைசிப் பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டாள். வயிறு மண்ணில் படாமல் உயரத் தூக்கியபடி நடந்தாள். மற்ற எட்டுப் பேரும் அப்படியே வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக மேலே ஏறினார்கள்.

"எந்தப் பக்கம்? அக்கா, எந்தப் பக்கம்?"

வாயில் பிள்ளை இருந்ததால் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே சருகுகள் சரசரத்தன. அதன்பிறகு குரல் வரவில்லை.

ஒன்பது பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன.

அன்று முதல்தான் கட்டெறும்பு வரிசையில் போவதில்லை. எவ்வளவு பெரிய இரையைக் கண்டாலும், யாரையும் கூப்பிடாமல், வாய் கொண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு தனியே வீடு திரும்புகிறது.