கூடைக்குள் இருந்த ராப்பூச்சி

சொரிமுத்து அண்ணாச்சிக்கு உட்காரத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். தென்காசிப் பக்கம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற வண்டியில் முன்னும் பின்னும் நடந்தே அவர் காலம் போயிருக்கிறது. மலையடிவாரத்தில் எங்கள் மடத்துக்கு வந்த பிறகும் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மடத்தில் ஒரே ஒரு விதிதான். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரும் கூடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். அவரும் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் ஒரு கால் நீளும். அப்புறம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். சாத்தினதைத் திறப்பார். பக்கத்து இடம் என்னுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் துண்டால் தன்னைத் தூணோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய மரத்தூண். அவர் நெளிந்த நெளிப்பில் அதுவும் சேர்ந்து முனகியது. சிரிப்பை அடக்குகிற பாட்டில் அன்றைக்கு ஒருத்தருக்கும் தியானம் கூடவில்லை.

நாங்கள் அம்மாவிடம் முறையிட்டோம். அம்மா என்றால் உலகம்மை அம்மா, எங்கள் குரு. சொரிமுத்துவைவிட வயதில் இளையவர். அதனால் சீடனாக வந்தவரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் சாயங்காலம் அவரே அம்மாவைத் தேடிப் போனார்.

"என்னை அனுப்பிருவீங்களாம்மா?"

"போக இடம் இருக்கா அண்ணாச்சி?"

"மகன் வீடு இருக்கு. நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கான். அதுலயே இருங்கப்பாங்கான்." ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். "எம்பொஞ்சாதி போனதுக்கப்புறம் இங்க வந்துதாம்மா எனக்குத் தூக்கம் வந்துது. இங்கயே கிடக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா உக்கார முடியலியே. உக்கார முடியாதவனுக்குச் சாமி கிடைக்காதா?"

அம்மா கிணற்றடிக்கு நடந்தார். அண்ணாச்சி பின்னால் போனார். நானும் போனேன். முறையிட்டவனுக்குத் தீர்ப்பு தெரிய வேண்டாமா?

கிணற்றைச் சுற்றி அந்திமந்தாரைச் செடிகள். பூக்கள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. வாசனை கிளம்பியதும் ஒரு ராப்பூச்சி வந்தது. பெருவிரல் தண்டி உடம்பு, சாம்பல் நிறம். இறக்கை அடிக்கிற வேகத்தில் இறக்கையே தெரியவில்லை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. சுருட்டி வைத்திருந்த நீள நாக்கை நீட்டிப் பூவின் அடி வரைக்கும் விட்டது. அடுத்த நிமிஷம் வேறு செடியில் இருந்தது.

"இது உக்காருதான்னு பாருங்க," என்றார் அம்மா. "ஒரே ஒரு தடவை பூ மேல உக்காந்துட்டா நீங்களும் ஒரு நாள் உக்காந்துருவீங்க. மடத்துலயே இருங்க. இல்லன்னா காலைல பஸ்ஸைப் பிடிங்க."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

நான் கூடத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சி செடிக்குச் செடி தாவியது. அண்ணாச்சி அது பின்னாலேயே அலைந்தார்.

"உக்காரு ராசா. எல்லா சீட்டும் காலியாத்தானே கெடக்கு. உக்காரு."

அது கேட்கிற வழியாக இல்லை. வெளிச்சம் மங்க மங்க அவர் முகத்தில் கவலை ஏறியது. கெஞ்சினார், அதட்டினார், கும்பிடக்கூடச் செய்தார். கடைசியில் தொழுவத்துப் பக்கம் ஓடி, மாட்டுக்குப் புல் அள்ளுகிற மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூச்சி ஒரு செடியில் குடிக்க நின்ற நேரம் பார்த்து, செடியோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டார்.

விடியும்போது அம்மாவின் அறை வாசலில் நின்றார். முகம் நிறையச் சிரிப்பு.

"அம்மா, உக்காந்துருச்சு."

நானும் சேர மூன்று பேரும் கிணற்றடிக்குப் போனோம். கூடையைப் பார்த்தும் அம்மா திட்டவில்லை. "எடுங்க," என்றார்.

பூச்சி ஒரு பூ மேல் உட்கார்ந்துதான் இருந்தது. இறக்கை ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. கூடையின் உட்பக்கம் முழுக்க அதன் சாம்பல் பொடி அப்பியிருந்தது.

"உக்காந்திருக்கு," என்றார் அம்மா. "குடிச்சுதா?"

அண்ணாச்சி வாடிய பூ ஒன்றைக் கிள்ளி அதன் அடியை நசுக்கினார். விரலில் தேன் கசிந்தது. இன்னொரு பூவைக் கிள்ளினார். அதிலும் இருந்தது. வேஷ்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு குனிந்து பூச்சியின் முகத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா, மஞ்சப் பொடி?"

"முதல்ல குடிச்ச செடி ஒட்டிவிட்டது. அடுத்த செடியில கொண்டு எறக்கணும். எறக்கினாத்தான் அங்க விதை பிடிக்கும். செடியால நடந்து போக முடியாதுல்லா?"

அவர் அப்படியே குத்தவைத்துவிட்டார்.

"பார்சலா?" என்றார். "எத்தனை ஊருக்குப் பார்சல் கொண்டு போயிருக்கேன். மருந்து, கல்யாணப் பத்திரிகை, ஒரு தடவை ஆட்டுக்குட்டி. ஒண்ணைக்கூட எறக்காம விட்டதில்லம்மா. நான் இங்க தங்கணுங்கிறதுக்காக இதைப் பிடிச்சு அடைச்சுட்டேனே."

அழுதுவிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூச்சி நடுங்கத் தொடங்கியது. முதலில் இறக்கை, பிறகு உடம்பு முழுக்க.

"சாகுதும்மா," என்றார் பதறிப்போய்.

"கிளம்புது."

நடுக்கம் கூடிக்கொண்டே போனது. சட்டென்று மேலே எழும்பி, கிழிந்த இறக்கையோடு தொழுவத்துக் கூரையைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"அது உக்காரலம்மா. நாந்தான் உக்கார வச்சேன். தோத்துட்டேன். காலை வண்டி வர்ற நேரம், உத்தரவு கொடுங்க."

அம்மா சாப்பாட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். காலைக் கஞ்சிக்கு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

"பையைக் கீழ வைங்க அண்ணாச்சி," என்றார் அம்மா. "எல்லாரும் அசையாம உக்காந்திருக்காங்க. கஞ்சி வாளி இன்னும் அடுப்படியிலேயே இருக்கு."