கௌதாரி ஊறவைத்த அரிசி

காட்டுக் குளத்தருகே வடிவு என்ற கௌதாரி வாழ்ந்தது. அதன் கடைசிக் குஞ்சுக்கு அலகு கோணல். கடினமான தானியத்தை அதனால் உடைக்க முடியாது. மழை இல்லாததால் புழுக்களும் கிடைக்கவில்லை. குஞ்சு நாளுக்கு நாள் மெலிந்தது.

ஒருநாள் வழியில் போன வண்டியிலிருந்து முளைக்கரு போகாத கைக்குத்தல் அரிசி கொஞ்சம் சிந்திக் கிடந்தது. முளை கட்டினால் மிருதுவாகிவிடும், குஞ்சு தின்னும் என்று வடிவு அதைப் பொறுக்கி வந்தது. ஆனால் எப்படி முளை கட்டுவது?

தவளையிடம் கேட்டது. தண்ணீரில் போட்டு எடுக்காமலே வைத்திரு என்றது தவளை. வடிவு ஒரு பங்கு அரிசியைக் கொட்டாங்கச்சித் தண்ணீரில் போட்டது. மூன்றாம் நாள் அது நுரைத்துப் புளித்து நாறியது.

ஓணான் வந்து சிரித்தது. சூடுதான் முக்கியம் என்று வெயில் கொதிக்கும் பாறைக்குழி நீரைக் காட்டியது. அங்கே போட்ட அரிசி வெந்ததுபோல் வெளுத்துச் செத்தது.

"இன்னும் நிறையத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்" என்றது தவளை. இன்னும் சூடு வேண்டும் என்றது ஓணான். வடிவுக்குத் தலை சுற்றியது. மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு பிடி. அதை நீரில் போடப் போகும், எடுத்துவிடும். வெயிலுக்குக் கொண்டு போகும், திரும்பி வரும். எது சரி என்று தெரியாமல் அழுகை வந்தது.

நாறிய அரிசியைக் கொட்டப் போனபோது வடிவு ஒன்றைக் கண்டது. கொட்டாங்கச்சியின் விளிம்பில், தண்ணீருக்கு மேலே ஈரத்தோடு ஒட்டியிருந்த நாலைந்து மணிகளில் மட்டும் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

வடிவு நிதானமாக யோசித்தது. அரிசிக்கு நீரும் வேண்டும், மூச்சும் வேண்டும்! மிச்ச அரிசியை ஒரு பகல் ஓர் இரவு ஊறவைத்து, நடுநடுவே தண்ணீர் மாற்றியது. பிறகு நீரை வடித்து, வெதுவெதுப்பான நிழலில் ஈர இலையால் மூடியது. மறுநாள் மணிதோறும் முளை. குஞ்சு கொத்தி விழுங்கியது.

"அப்படியானால் நான் சொன்னதுதான் சரியா?" என்று தவளையும் ஓணானும் ஒரே குரலில் கேட்டன.

"உங்களுக்கு எது சுகமோ அதைச் சொன்னீர்கள். அரிசிக்கு எது சுகம் என்று நானும் பார்க்காமல் இருந்துவிட்டேன்" என்றது வடிவு.

ஆலோசனை எத்தனை கேட்டாலும், செய்யும் பொருளைக் கண்ணால் கவனித்துப் பார்க்காதவருக்குக் குழப்பமே மிஞ்சும்.